சின்னம்மாவின் கையில் ஒட்டிய பல்லி

என் சின்னம்மாவுக்குப் பொருந்தி வந்த கலியாணம் ஏன் குழம்பியது என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரைக்கும் மூன்று கதைகள் உண்டு. அம்மாவின் கதையில் பக்கத்துவீட்டு அன்ரி வாய் வைத்துவிட்டார். அப்பாவின் கதையில் கிரகம் சரியில்லை. கலியாணத் தரகரின் கதையில் மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தலைக்கனம். மூன்றையும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டியும் இருக்கிறேன். நாலாவதாக ஒரு கதை இருக்கிறது, அதுதான் நடந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். பதினைந்து வருடமாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட, தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருந்தது. அப்பா வெங்காயம் வைப்பார். அம்மாவின் தங்கையான சின்னம்மா, தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். முப்பத்திரண்டு வயது. பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தார். நாள்முழுக்க நாலு வயதுப் பிள்ளைகளோடு இருந்து இருந்து அவருக்கும் பாதி வயது குறைந்திருந்தது. அம்மா என்னைப் பெற்றார் என்பது பதிவில் உள்ள உண்மை. தலை பின்னியது, வீட்டுப்பாடம் பார்த்தது, காய்ச்சல் நேரத்தில் நெற்றியில் துணி நனைத்துப் போட்டது எல்லாம் சின்னம்மா. நான் படுப்பதும் அவருடைய பாயில்தான். பெறாமகள் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் அக்காவின் மகளுக்குச் சொல்வார்கள். பெற்ற மகளுக்குக் கிடைப்பதைவிடக் கூடவே எனக்குக் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை.

சின்னம்மாவின் சாதகத்தில் செவ்வாய் வேண்டாத இடத்தில் போய்க் குந்தியிருந்தது. பதினொரு வருடமாகச் சாதகங்கள் வந்தன, போயின. செவ்வாய் பொருந்தினால் படிப்பு பொருந்தாது, படிப்பு பொருந்தினால் வயது பொருந்தாது. இந்த நிலையில்தான் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. முன்னந்தலை கொஞ்சம் வெளித்த, சிரித்த முகமான ஒரு படம் வந்தது. சாதகம் பொருந்தியதாம், அதுவும் செவ்வாயோடு பொருந்தியதாம். அவர் இரண்டு தரம் போன் எடுத்தார். சின்னம்மா போனைக் கொண்டு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கதைத்தார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். ஏன் இந்த நேரத்தில் முகம் கழுவுகிறார் என்று நான் கேட்டேன், வெக்கை என்று சொன்னார்.

இனிப் பல்லிக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த கடையில் அந்த வருடம் புதிதாக ஒரு பபிள்கம் வந்தது. பபிள்கம் இரண்டு நிமிடத்தில் இனிப்பு இறங்கிச் சவ்வாகிவிடும். அதை ஒருவரும் பபிள்கம்முக்காக வாங்கவில்லை, உள்ளே சுற்றியிருந்த ரட்டூ ஒட்டுப்படத்துக்காக வாங்கினோம். கடதாசியை எச்சிலால் நனைத்து, தோலில் வைத்து அமத்தி, இருபது எண்ணி உரித்தால் படம் தோலில் இருக்கும். தேள், பாம்பு, மண்டையோடு, மோட்டார்சைக்கிள் என்று பலதும் வந்தன. மூன்றாம் நாளே அதிபர் காலைக் கூட்டத்தில் எல்லோருடைய கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்து, ரட்டூ இருந்த கைகளுக்கு அடிமட்டத்தால் ஒவ்வொன்று தந்தார். ஆகவே எனக்குப் பச்சைப் பல்லி கிடைத்த புதன்கிழமை அதை என் கையில் ஒட்ட முடியவில்லை. ஒட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் சின்னம்மா விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, கையைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"பல்லி ஒண்டு விழப்போகுது."

அவர் சிரித்துக்கொண்டு வலது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் வைத்து அமத்தி, இருவரும் சேர்ந்து இருபது எண்ணினோம். உரித்தபோது நல்ல பச்சையில், வால் வளைந்து, நாலு கால்களையும் பரப்பிக்கொண்டு பல்லி வந்து இருந்தது. சின்னம்மா எழும்பிப்போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து, பல்லி விழும் பலன் போட்டிருக்கும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டிருக்கு, சின்னம்மா?"

"நல்லதுதான் போட்டிருக்கு. உனக்கென்னத்துக்கு?"

படத்தின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதை எப்படி அழிப்பது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நான் அந்தக் கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

பொழுதுபட முன்னம் தரகர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் தாயும் அக்காவும் சுவிஸிலிருந்து வந்து கொக்குவிலில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார்களாம். அடுத்த மாதம் என்று சொன்ன பெண்பார்வையை இந்தச் சனிக்கிழமையே வைத்துவிடலாமாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும், சரிவராவிட்டால் பெண்ணுக்குத்தான் பெயர் கெடும். ஆகவே மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலில் இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பது என்று ஒழுங்கு. எங்கள் பக்கத்தில் இந்தத் தற்செயலுக்கு நேரம், சேலையின் நிறம், நிற்கவேண்டிய தூண் எல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுவார்கள். தரகர் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டு போனது. தேத்தண்ணி கொண்டுவந்த சின்னம்மா இடது கையாலேயே கொடுத்தார். வலது கையைச் சட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணைப் பெரிதாக்கினார், நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அடுத்தநாள் விடிய இருவரும் கிணற்றடியில் சந்தித்தோம். முதலில் குளிக்கிற சவர்க்காரம், பிறகு உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். பல்லி பளபளப்பாகியதே தவிர அசையவில்லை.

"எடி, உது தண்ணி பட்டாலே போயிடுமெண்டு சொன்னனியெல்லே?"

"கடைக்காரர் அப்பிடித்தான் சொன்னவர், சின்னம்மா."

"கொம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தோலுரிச்சுப் போடுவா."

கொம்மா என்றது என் அம்மாவை. சின்னம்மாவுக்கு அவர் அக்கா, எனக்கு அம்மா, ஆனால் பயம் என்று வந்தால் இருவருக்கும் ஒரே ஆள்தான்.

பின்னாளில் நான் கம்பஸில் படிக்கும்போது, அறையில் என்னோடு இருந்த பிள்ளை ஒருநாள் இப்படியொரு ரட்டூவை எடுத்ததைப் பார்த்தேன். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பூசினாள். ஐந்து நிமிடம் விட்டாள். அந்த நேரத்தில் போனில் ஏதோ பார்த்தாள். பிறகு மெதுவாகத் துடைத்தாள், படம் பஞ்சோடு வந்துவிட்டது. மிச்சம் ஒட்டியிருந்த இரண்டு மூன்று துணுக்குகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தாள். தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. நான் கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் எந்தத் தட்டில் இருந்தது என்பதுகூட எனக்கு நினைவு வந்தது.

அன்றைக்கு அந்தப் போத்தலை எடுக்க நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அழுக்கு எடுக்கும் வேலை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் சாமியறையில் உள்ள பித்தளை விளக்குகளை மினுக்குவது என் வேலை. எலுமிச்சையை நாங்கள் தேசிக்காய் என்போம்; அதில் பாதியைச் சாம்பலில் தொட்டு உரஞ்சினால் எந்தக் கறுப்பும் போகும். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வளவில் நின்ற தேசியில் நாலு காய் பிடுங்கினேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தார்.

"நான் எடுத்துத் தாறன், சின்னம்மா. ஐஞ்சே நிமிசம்."

சாம்பல், தும்பு, தேசிக்காய். சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தார். நான் விளக்கு மினுக்குகிற அதே பலத்தோடு உரஞ்சினேன். பல்லியின் தலை போனது, முன்கால்கள் போயின. எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. தேசிப்புளி விட்டு விட்டு உரஞ்சினேன். வால் மட்டும் அடம் பிடித்தது, அதற்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். இடையில் சின்னம்மா "ஆய்" என்று கையை இழுத்தார், பிறகு தானே திரும்ப நீட்டினார். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தது. கை எரிகிறது, காற்றுப்படட்டும் என்று சொல்லி, நல்ல உச்சி வெயிலில் அவர் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டு நின்றார். தேசிக்காய்ப் புளி பட்ட தோலை வெயிலில் காட்டக்கூடாது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பல்லி போய்விட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். கை சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சிவப்பு இன்னும் தடித்தது. சின்னம்மா கை நீண்ட சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பள்ளிக்குப் போனார். அன்று பின்னேரம்தான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. அப்பாவும் அம்மாவும் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சரிவந்தா ஆவணியிலை கலியாணம்," என்றார் அம்மா. "தைக்கிடையிலை அவள் சுவிசுக்குப் போயிடுவாள். பாவம், இவ்வளவு காலம் எங்களோடையே கிடந்தாச்சு."

கலியாணம் என்றால் புதுச் சட்டை, பலகாரம், வீடியோ என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கலியாணம் என்றால் சின்னம்மா போய்விடுவார் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டிய விஷயம்தான். மாப்பிள்ளை சுவிஸில் இருக்கிறார் என்று தெரிந்த எனக்கு, பெண்ணும் அங்கே போவார் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. நான் கிணற்றடிக்குப் போய்த் தனியே இருந்தேன். பாயில் பக்கத்தில் ஆர் படுப்பது? புலமைப்பரிசில் சோதனைக்கு ஆர் கணக்குச் சொல்லித் தருவது? எனக்கு, எனக்கு என்றுதான் எல்லாக் கேள்வியும் ஓடியது. சின்னம்மாவுக்கு என்று ஒரு கேள்விகூட வரவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா சேலை உடுத்திவிடும்போது கையைக் கண்டுவிட்டார். சிவப்பு இப்போது மண்ணிறமாக மாறி, நடுவில் இரண்டு மூன்று சிறு கொப்புளங்களோடு, விளிம்பு கறுத்து, ஒரு தேங்காய்ச் சில்லு அளவுக்கு இருந்தது. பல்லியின் சாயல் ஒன்றும் அதில் இல்லை. ரவிக்கைக் கையோ முழங்கைக்கு மேலே நின்றது.

"என்னடி இது? ஐயோ, இண்டைக்கெண்டு பாத்து என்னடி இது?"

நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை.

"சோறு வடிக்கேக்கை கஞ்சி பட்டிட்டுது, அக்கா."

எனக்கு அடி விழக்கூடாது என்று அவர் சொன்ன பொய் அது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, முகத்துக்குப் போடும் பவுடரைக் கையில் தட்டித் தட்டி அந்த இடத்தை மூடினார். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியவில்லை.

ஆஞ்சநேயர் கோயிலில் சனிக்கிழமைச் சனம். தற்செயல் ஒழுங்காகவே நடந்தது. தரகர் "அட, இவையும் வந்திருக்கினம்" என்று ஆச்சரியப்பட்டார். மாப்பிள்ளையின் தாய் மெலிந்த, களைத்த முகம் உள்ள ஒரு அம்மா. அக்கா கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா நீலச் சேலையில் நல்ல வடிவாக இருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பூசை முடிந்து ஐயர் திருநீறு கொண்டுவந்தபோது எல்லோரும் வலது கையை நீட்டினார்கள். சின்னம்மாவும் நீட்டினார். வியர்வையில் பவுடர் கரைந்து வழிந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்காவின் பார்வை கையில் விழுந்தது, அங்கிருந்து தாயின் முகத்துக்குப் போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் பொறுக்கமாட்டாமல், "கஞ்சி பட்டிட்டுது பாருங்கோ, நேற்றுச் சோறு வடிக்கேக்கை" என்றார். கேட்காத கேள்விக்கு மறுமொழி சொன்னால் கேட்டவருக்கு ஐமிச்சம் வரத்தானே செய்யும்.

வெளியே செருப்புப் போடும் இடத்தில் பெரியவர்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயான அந்த அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சான் கடலை விற்கும் ஆச்சியிடம் கூட்டிப்போனார். ஒரு கடதாசிச் சரை கச்சான் வாங்கித் தந்தார்.

"பிள்ளை எத்தினையாம் வகுப்பு?"

"அஞ்சு."

"சின்னம்மாவோடை நல்ல வாரப்பாடு போலை."

"ஓம்."

அவர் குனிந்தார். குரல் நல்ல மெதுவாக, பட்சமாகத்தான் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மகனுக்குப் பெண் பார்க்க வந்த தாய், அவ்வளவுதான்.

"சின்னம்மாவின்ரை கையிலை அது என்னம்மா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பபிள்கம் பல்லி, நான்தான் ஒட்டினேன், நான்தான் தேசிக்காயால் உரஞ்சினேன் என்று மூன்று வசனம். அந்த அம்மா சிரித்திருப்பார். அதுவும் வேண்டாம், வீட்டில் சொன்ன கஞ்சிப் பொய்யையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு வசனம் போதும். எனக்குப் பயம் இருந்தது என்று இவ்வளவு காலமும் என்னை நானே தேற்றிவந்திருக்கிறேன். பயம் இருந்ததுதான். ஆனால் அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது அம்மாவின் அடியல்ல. "தைக்கிடையிலை போயிடுவாள்" என்ற அந்த வசனம் ஓடியது.

தோட்டத்து ஈரத்தில் நின்று நின்று அப்பாவின் காலில் ஒரு கரப்பன் இருந்தது. அம்மா அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். அங்கே அம்மா சொன்ன வசனம் எனக்கு மனப்பாடம்.

"அது வந்து வந்து போகும்," என்றேன்.

அந்த அம்மாவின் கை என் தோளில் அப்படியே நின்றது.

"கனகாலமா இருக்கோ?"

"ஓம்."

அவர் நிமிர்ந்தார். என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். நான் கச்சானை உடைத்துத் தின்றுகொண்டு அம்மாவிடம் திரும்பிப் போனேன். சின்னம்மா என் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை. எவ்வளவு நல்ல சனம், எவ்வளவு மரியாதை, பிள்ளைக்குக் கச்சான்கூட வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை தரகர் போன் எடுத்து, அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்று மட்டும் சொன்னார். காரணம் வந்துசேர இன்னும் ஒரு கிழமை பிடித்தது. பெண்ணுக்குத் தோலில் ஏதோ வருத்தமாம், கனகாலமாக இருக்கிறதாம், வீட்டுக்காரர் கஞ்சி பட்டதென்று மறைத்துவிட்டார்களாம்.

அம்மா குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தார். "ஆரோ சொல்லியிருக்கினம். இல்லாட்டி அவைக்கு எப்பிடி இப்பிடியொரு கதை வரும்? தெரிஞ்ச ஆரோதான் சொல்லியிருக்கினம்." அந்த ஆரோ என்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குக் கனநேரம் எடுக்கவில்லை. பக்கத்துவீட்டு அன்ரிக்குக் கொக்குவிலில் தமக்கை ஒருத்தர் இருந்தார். அது போதுமாக இருந்தது. எங்கள் இரு வீட்டுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் கறியும், கறிவேப்பிலையும், நானும் போய்வருவோம். அம்மா அதைத் தகரம் வைத்து அடைத்தார். அன்ரி வந்து படலையில் நின்று, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று அழுதார். அம்மா வெளியே வரவில்லை. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தகரம் கறள் பிடித்து இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

அன்று பின்னேரம் சின்னம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்.

"கோயிலிலை அந்த அம்மா உன்னோடை என்ன கதைச்சவ?"

"எத்தினையாம் வகுப்பெண்டு கேட்டவ."

"வேறை?"

"ஒண்டுமில்லை."

அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். பிறகு சின்னம்மா சவர்க்காரத்தை எடுத்து என் தலையில் போட்டார். "கண்ணை மூடு, எரியும்" என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கலாம். இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார், அதே முன்பள்ளிக்குத்தான் போகிறார். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பிடித்தது சமைத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்பதென்று போய், சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அந்தத் தழும்பு ஐந்தாறு மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கதை போகவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் விசாரித்துவிட்டு நின்றுபோயின. பிறகு சாதகம் வருவதும் நின்றது.

ஆனால் பத்து வயதில் நான் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. சின்னம்மா போகவில்லை, பாயில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார், அதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. கொண்டேன்.

தரகரின் காரணம் வந்த அடுத்த கிழமை என் கணக்குக் கொப்பி முடிந்துவிட்டது. சின்னம்மா அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார்.

"முன்னுக்குக் கொஞ்சம் எழுதியிருக்கு. மிச்சத்திலை கணக்கைச் செய்."

திறந்து பார்த்தேன். முன்பள்ளி ரீச்சரின் உருண்டை எழுத்தில் நாலு பக்கம் இருந்தது. தமிழ் எழுத்துத்தான், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. இஷ் என்றால் நான், டூ என்றால் நீ, ஹவுஸ் என்றால் வீடு, வாஸர் என்றால் தண்ணீர், ஷ்னே என்றால் பனி என்று நிரையாகப் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. சில சொற்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாலாவது பக்கத்தில் சொற்கள் முடிந்து வசனங்கள் தொடங்கியிருந்தன. மூன்றே மூன்று வசனம். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் எழுதியிருந்தது. எனக்கு ஒரு பெறாமகள் இருக்கிறாள். அவளுக்குப் பத்து வயது. அவள் விடுமுறைக்கு இங்கே வருவாள்.

"இது என்ன பாசை, சின்னம்மா?"

"ஒரு பாசை."

"இனி எழுத மாட்டியளோ?"

"இனித் தேவையில்லை. நீ கிழிச்சுப்போட்டு எழுது."

கணக்குக் கொப்பியில் வேறு எழுத்து இருந்தால் எங்கள் ரீச்சருக்குப் பிடிக்காது. நான் அந்தத் தாள்களைப் பின்பக்கத் தாள்கள் கழலாதபடி கவனமாகக் கிழித்தெடுத்தேன். நல்ல மொத்தத் தாள், எறிய மனம் வரவில்லை. மடித்து ரொக்கற் செய்தேன். தோட்டத்து வரம்பில் ஏறி நின்று ஒவ்வொன்றாக விட்டேன். முதலாவது வெங்காயப் பாத்திக்குள் குத்திக்கொண்டு விழுந்தது. இரண்டாவதைக் காற்று தூக்கி, கிணற்றைத் தாண்டி, வாழைகளுக்கு மேலால் கொண்டுபோனது.

"சின்னம்மா, பாருங்கோ! பாருங்கோ!"

அவர் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, அது மறையும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கனதூரம் போகுது," என்றார்.

சின்னம்மாவும் என்னைப்போலச் சந்தோஷமாக இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.